நாரா போகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

கே: சார், கியோத்தோவில் தங்குகிறோம். நாராவுக்கு அரை நாள் போதுமா?

ப: பூங்காவில் திரியும் மானுக்கும் தோதைஜி கோயிலின் பெரிய புத்தர் சிலைக்கும் போதும், நாராவுக்குப் போதாது. எட்டாம் நூற்றாண்டில் ஜப்பானின் தலைநகராக இருந்த ஊர் அது. கின்டெட்சு ரயிலில் முக்கால் மணி நேரம்தான் என்பதால் எல்லோரும் காலையில் வந்து மாலையில் ஓடிவிடுகிறார்கள். ஒரு இரவு தங்கிப் பாருங்கள். அந்தப் புத்தர் இருக்கும் பெரிய மண்டபத்தை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 7.30க்கே திறந்துவிடுகிறார்கள். சுற்றுலா பஸ்கள் வருவதற்குள் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

கே: அந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் இந்தியர் என்கிறார்களே, நிஜமா?

ப: நிஜம்தான். 752இல் நடந்த கண் திறப்புச் சடங்கில் தூரிகை பிடித்தவர் போதிசேனர். தென்னிந்தியாவில் பிறந்து, சீனா வழியாக 736இல் ஜப்பான் போன துறவி. தூரிகையில் நீளமான பட்டுக் கயிறு கட்டி, கூடியிருந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்னும் இருக்கின்றன.

ஆனால் இன்று நீங்கள் பார்க்கும் முகம் போதிசேனர் பார்த்த முகம் அல்ல. 1180இலும் 1567இலும் போரில் மண்டபம் எரிந்து, சிலையும் சேதமானது. இப்போதுள்ள தலை 17ஆம் நூற்றாண்டில் வார்த்தது, மண்டபம் 1709இல் முடிந்தது. பழைய மண்டபம் இன்னும் அகலமாக இருந்ததாம். இதைப் பார்த்தாலே கழுத்து வலிக்கும்! பழசு வேண்டுமென்றால் பீடத்தின் தாமரை இதழ்களைப் பாருங்கள். அவற்றில் சிலவற்றில் எட்டாம் நூற்றாண்டுச் செதுக்கல் மிச்சமிருக்கிறது.

கே: ஹோர்யூஜி கோயில் தள்ளி இருக்கிறது. அவசியம் போகணுமா?

ப: ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் தோதைஜியை விட்டுவிட்டு இங்கே போகச் சொல்வேன். உலகத்தில் இன்னும் நிற்கிற மரக் கட்டடங்களில் மிகப் பழையவை இங்கேதான். முதலில் கட்டிய கோயில் 670இல் எரிந்துபோய், திரும்பக் கட்டியதற்கே சுமார் 1,300 வயது. ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூண் இன்னும் பழையது. மர வளையங்களை வைத்து, அந்த மரம் 594இல் வெட்டப்பட்டது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜேஆர் ரயிலில் ஹோர்யூஜி நிலையத்தில் இறங்கி இருபது நிமிடம் நடக்கலாம். நுழைவுக் கட்டணம் கொஞ்சம் அதிகம், யோசிக்காமல் கொடுங்கள்.

கே: அண்ணா, குழந்தைகளை மான் முட்டுமா?

ப: பிஸ்கட்டைக் காட்டி அலைக்கழித்தால் கண்டிப்பாக. மான் தலை குனிந்ததும் கொடுத்துவிட்டு, வெறுங்கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். இலையுதிர் காலம் இணைசேரும் பருவம், அப்போது ஆண் மான்களிடம் போகவே வேண்டாம்.

கே: சுத்த சைவம். என்ன சாப்பிடுவது?

ப: உடோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸ் சூப்பில் காய்கறிதானே மிதக்கிறது என்று நம்பிவிடாதீர்கள், சாறே பெரும்பாலும் மீனில் எடுத்தது. சீமைப் பனிச்சை (பெர்சிமன்) இலையில் சுற்றித் தரும் சுஷிக்குள்ளும் மீன்தான். துறவிகளின் உணவான ஷோஜின் ரியோரி கிடைக்கும் இடத்தில் முன்பதிவு செய்யுங்கள். மற்ற வேளைகளுக்கு, ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்று உருண்டையைக் கடையில் கேட்டு வாங்கலாம். பொட்டலத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று போனில் மொழிபெயர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.