1975 போர்ஷே 911 இன்ஜின் கேஸில் ஸ்டட் (சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் நீளத் திருகு) ஏறும் மரை பிய்ந்துவிட்டது. பெங்களூரில் வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாமா?

வெல்டிங் வேண்டாம். உங்கள் கேஸ் அலுமினியம் இல்லை, மெக்னீசியம். சூடானால் ஸ்டீல் ஸ்டட்டைவிட அதிகமாக விரியும். அந்த இழுப்பில்தான் மரை பிய்கிறது. எபாக்ஸி பசை பூசித் தருகிறேன் என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

பிய்ந்த மரையைக் குடைந்தெடுத்து, உள்ளும் புறமும் மரை வெட்டிய ஸ்டீல் இன்சர்ட் ஏற்ற வேண்டும். ஒன்று போயிருந்தால் மற்றவையும் தள்ளாடிக்கொண்டுதான் இருக்கும். ஸ்டட் மொத்தம் 24, எல்லாவற்றுக்கும் போட்டுவிடுங்கள். துளை இம்மி சாயக்கூடாது, கை டிரில் உதவாது. பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் மில்லிங் மெஷின் உள்ள நம்ம ஊர்க்காரர் பட்டறைகள் உண்டு. ஆனால் மெக்னீசியம் என்று முதலிலேயே சொல்லுங்கள். குடையும்போது வரும் அதன் சுருள் தீப்பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, இன்னும் சீறும். மெஷின் பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேஸை இறக்குங்கள்.