ரெண்டு ஜிபியுவை வைத்துக்கொண்டு பிஎச்.டி. முடிக்க முடியுமா?

கேள்வி: கம்ப்யூட்டர் விஷனில் (படங்களைப் புரிந்துகொள்ளக் கணினியைப் பழக்கும் துறை) பிஎச்.டி., மூன்றாம் வருடம். என் பேப்பரை இந்தத் துறையின் பெரிய கான்ஃபரன்ஸான சிவிபிஆர் இரண்டு முறை ரிஜெக்ட் செய்துவிட்டது. லேபில் மாடலை டிரெய்ன் செய்ய இருப்பது இரண்டே ஜிபியு (அதிவேகக் கணக்குக்கான சிப்), அதற்கும் ஐந்து பேர் வரிசை. கூடப் படித்தவன் பெரிய கம்பெனியில் சம்பாதிக்கிறான். விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாமா?

பதில்: ரிஜெக்ட் ஆனதற்காக என்றால், வேண்டாம். 2024 சிவிபிஆருக்கு வந்தவை 11,532 பேப்பர், தேறியவை 2,719. வெவ்வேறு படங்களில் ஒரே பொருளை அடையாளம் காண உதவும் டேவிட் லோவின் சிஃப்ட் முறை தெரியும்தானே, 1999-ல் அது வெளிவருவதற்கு முன் அதன் ஆரம்ப வடிவங்களை ஐசிசிவி என்ற இன்னொரு பெரிய கான்ஃபரன்ஸ், சிவிபிஆர் இரண்டுமே திருப்பி அனுப்பியதாக அவரே சொல்லியிருக்கிறார். இதை வைத்து ரிவியூ எழுதியவனுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள், இரண்டு தடவையும் ஒரே குறையைச் சொல்லியிருந்தால் குறை பேப்பரில்தான் இருக்கிறது. நான் ஒருமுறை கோபத்தில் ரிவியூவைப் பாதிகூடப் படிக்காமல் அடுத்த கான்ஃபரன்ஸுக்கு அனுப்பி, அங்கேயும் அதே கேள்வியோடு திரும்பி வந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

ஜிபியு விஷயம் அப்படி இல்லை, உங்கள் பயம் நியாயமானது. 2012-ல் அலெக்ஸ்நெட் என்ற பேர்பெற்ற பட அடையாள மாடலை வெறும் இரண்டு ஜிடிஎக்ஸ் 580 ஜிபியு கார்டில், ஐந்தாறு நாளில் டிரெய்ன் செய்தார்கள் என்று யாராவது தேற்றுவார்கள். உண்மைதான், ஆனால் அந்தக் காலம் போய்விட்டது. பெரிய மாடலைப் புதிதாக டிரெய்ன் செய்யும் பந்தயத்தில் கல்லூரி லேப் ஓடவே கூடாது. ரேஷன் கடை அரிசியை வைத்துக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் பந்தி போட முடியுமா?

கேள்வியை மாற்றுங்கள். ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் செய்தது என்ன? 1,270 முகங்களைச் சேகரித்து, மூன்று கம்பெனிகள் விற்றுக்கொண்டிருந்த மென்பொருள் ஆணா பெண்ணா என்று எப்படிக் கணிக்கிறது என்று சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. ஐஐஐடி ஹைதராபாத் ஆட்கள் ஹைதராபாத், பெங்களூரு சாலைகளைப் படம்பிடித்து ஆட்டோவுக்கென்றே தனி வகை வைத்து ஒரு டேட்டாசெட் (மாடலைப் பழக்குவதற்கான படத் தொகுப்பு) போட்டார்கள். ஜெர்மனி தெருக்களில் பழகிய மாடலுக்கு நம் ஊர் ஆட்டோ எங்கிருந்து தெரியப்போகிறது? இதற்கெல்லாம் முதலில் வேண்டியிருந்தது எங்கே தவறுகிறது என்று பார்க்கும் கண்தான், ஜிபியு அப்புறம்.

பணம்? வீட்டில் கடன் இருந்து, ஃபெலோஷிப்பில் சமாளிக்க முடியவில்லை என்றால் தாராளமாக வேலைக்குப் போங்கள், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நண்பனின் சம்பளம் மட்டும்தான் உறுத்துகிறது என்றால் அவன் சம்பளத்தைக் கேட்பதை ஒரு ஆறு மாதத்துக்கு நிறுத்திப் பாருங்கள். பேப்பரைத் திருத்தி டபிள்யூஏசிவி கான்ஃபரன்ஸுக்கோ நம் ஊர் ஐசிவிஜிஐபி கான்ஃபரன்ஸுக்கோ அனுப்புங்கள், அது கௌரவக் குறைச்சல் என்று உங்கள் கைடு நினைத்தால் அவரோடு உட்கார்ந்து நேராகப் பேசிவிடுவது நல்லது.

அதற்கு முன் ஒரு வேலை. உங்கள் மாடல் தவறவிட்ட படங்களில் நூறை எடுத்து, பிரிண்ட் போட்டுக்கூட வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றாகப் பாருங்கள். இருபது படமாவது ஒரே காரணத்தால் தவறியிருந்தால் அந்தக் காரணத்தை ஒரு பக்கம் எழுதிக்கொண்டு கைடைப் பார்க்கப் போங்கள்.