கேள்வி – பதில்: பிடிபடாமலே போன கடற்கொள்ளையன்

கேள்வி: கடற்கொள்ளையர்களில் பெரிய கொள்ளை அடித்தவன் கறுப்புத்தாடிதானா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. கறுப்புத்தாடிக்குப் பெயர்தான் பெரிது. ஹென்றி எவ்ரி என்ற இங்கிலாந்துக்காரன் ஒரே கப்பலில் அடித்த பணத்துக்கு அவன் பக்கத்தில்கூட வர முடியாது.

1694இல் ஸ்பெயினின் லா கொருன்யா துறைமுகத்தில் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் கொதித்துக்கொண்டிருந்த மாலுமிகளைச் சேர்த்துக்கொண்டு, தான் வேலை பார்த்த கப்பலையே கடத்தினான். அதற்கு ஃபேன்சி என்று பெயர் மாற்றி, செங்கடல் வாயிலில் போய்க் காத்திருந்தான். மெக்காவிலிருந்து சூரத் திரும்பும் முகலாயக் கப்பல்களுக்கு வேறு வழி கிடையாது. 1695 செப்டம்பரில், சூரத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஔரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் மாட்டியது. ஃபேன்சியைவிடப் பெரிய கப்பல்தான், ஆனால் சண்டையில் அதன் பீரங்கி ஒன்றே வெடித்துச் சொந்த ஆட்களைக் கொன்றது, பாய்மரமும் குண்டடிபட்டுச் சரிந்தது, அவ்வளவுதான், கொள்ளையர்கள் ஏறிவிட்டார்கள்.

போன பணம் கிழக்கிந்தியக் கம்பெனி கணக்கில் 3,25,000 பவுண்டு, முகலாயர் கணக்கில் 6,00,000. ஆனால் பணத்தை மட்டும் பேசுவது அநியாயம். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் ஹஜ் முடித்து ஊர் திரும்பிய குடும்பங்கள். நாள்கணக்கில் சித்திரவதை நடந்தது, பெண்களைச் சீரழித்தார்கள், மானத்துக்கு அஞ்சிக் கடலில் குதித்தவர்களும் உண்டு. இப்படிப்பட்டவனை நாயகனாக்கி 1712இல் லண்டனில் நாடகம் போட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஔரங்கசீப் சும்மா விடவில்லை. சூரத்தில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களை விலங்கு மாட்டி அடைத்தார்கள். வியாபாரமே போய்விடும் என்று பயந்த பிறகுதான் லண்டன் அசைந்தது, எவ்ரி தலைக்கு விலை வைத்தது. கூட்டாளிகளில் ஜான் டான் என்பவன் சிக்கிய விதத்தைக் கேளுங்கள்: ஆயிரம் பவுண்டுக்கு மேல் பெறும் தங்கக் காசுகளை மேல்சட்டைக்குள் வைத்துத் தைத்திருந்தான், தங்கிய விடுதியின் வேலைக்காரப் பெண் சட்டை கனப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவன் அரசுத் தரப்பு சாட்சியாக மாறித் தப்பினான், வேறு சிலர் 1696 நவம்பரில் தூக்கில் தொங்கினார்கள். எவ்ரி மட்டும் அயர்லாந்துப் பக்கம் இறங்கியதோடு சரி, அப்புறம் யார் கையிலும் அகப்படவே இல்லை.

கேள்வி: சரி, கறுப்புத்தாடி என்ன ஆனான்? – வாசகி, மதுரை

பதில்: 1718இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தையே மறித்து நின்றான், பிணைக்கைதிகளை விடுவிக்க அவன் கேட்டது ஒரு பெட்டி மருந்து. அதே ஆண்டு நவம்பரில் ஓக்ரகோக் தீவருகே ராபர்ட் மேனார்ட் என்ற கடற்படை அதிகாரியோடு நடந்த சண்டையில் செத்தான். தலையை வெட்டிக் கப்பலின் முன்பக்கக் கொம்பில் தொங்கவிட்டுக் கொண்டுபோனார்கள்.