கேரவன் வேனில் லித்தியம் போடும் முன் கன்ட்ரோலரைப் பாருங்கள்

கேள்வி: பழைய டிராவலர் வேன் ஒண்ணைக் கேரவனா மாத்தி வெச்சிருக்கோமுங்க. கூரையில 540 வாட் பேனல் ஒண்ணு, 30 ஆம்பியர் பி.டபிள்யூ.எம். சார்ஜ் கன்ட்ரோலர், சீட்டுக்கு அடியில 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர்) டியூபுலர் பேட்டரி ரெண்டு, வீட்டுக்கு வைக்கிற இன்வெர்ட்டர் ஒண்ணு. 50 லிட்டர் 12 வோல்ட் ஃபிரிட்ஜ், சுவத்து ஃபேன் ரெண்டு, லைட்டு, மிக்சி ஓடுது. முதல் நாள் ராத்திரி நல்லா இருக்குது. ரெண்டாம் நாள் விடியறதுக்குள்ள இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிச்சு ஃபிரிட்ஜ் நின்னு போகுது. பேட்டரிக்கு மூணு வயசு. 200 ஏ.ஹெச். லித்தியம் போட்டா எல்லாம் சரியாயிரும்னு கடையில சொல்றாங்க. போட்டரலாமுங்களா?
(வாசகர், காங்கேயம்)

பதில்: போடலாம், ஆனால் அதை முதலில் போடாதீர்கள். இப்போது இருக்கிற நிலையில் லித்தியம் மட்டும் மாற்றினால் ரெண்டாம் ராத்திரியை எப்படியோ ஒப்பேற்றிவிடும். மூன்றாம் ராத்திரி அதே கதைதான். தோட்டத்துத் தொட்டியைப் பெரிதாகக் கட்டிவிட்டு, போரில் இருந்து அரை இஞ்ச் குழாயில் தண்ணீர் விடுவது போன்ற வேலை அது. உங்கள் வேனில் அந்தக் குழாய் எங்கே குறுகியிருக்கிறது என்று பார்ப்போம்.

540 வாட் பேனல் என்பது வீட்டுக் கூரைக்குச் செய்தது. அது வேலை செய்யும் வோல்டேஜ் 41 அளவு, கரண்ட் 13 ஆம்பியர். பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் வோல்டேஜை மாற்றித் தராது. பேனலைப் பேட்டரியோடு நேராகக் கோத்து, நிறைந்ததும் விட்டுவிட்டு வெட்டும், அவ்வளவுதான். பேட்டரி 13 வோல்ட்டில் இருந்தால் பேனலும் 13 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். 13 ஆம்பியரை 13 வோல்ட்டால் பெருக்கினால் 170 வாட். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 540 வாட்டில் மூன்றில் ரெண்டு பங்கு கூரையிலேயே சூடாகப் போகிறது.

நாள் கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். நம் பக்கம் மேகமில்லாத நாளில் நல்ல வெயில் நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். தூசியைக் கழித்தால் பி.டபிள்யூ.எம். வழியாக நாளுக்கு 650 வாட்-ஹவர் வரும். டியூபுலர் போன்ற லெட் ஆசிட் பேட்டரி, தனக்குள் ஏறுவதில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்; கைக்கு வருவது 520.

செலவு? நம் ஊர் வெக்கையில் ஃபிரிட்ஜ் பாதி நேரம் ஓடும், 500. ஃபேன் ரெண்டும் கரண்ட் குறைவாக எடுக்கும் பி.எல்.டி.சி. ரகம் என்றே வைத்தாலும் தலா 30 வாட், ஒன்பது மணி நேரம், 540. லைட்டுக்கு 100, போனும் லேப்டாப்பும் 120, மிக்சியும் தண்ணீர் மோட்டாரும் 100. இதோடு யாரும் கணக்கில் எழுதாத ஒன்று இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டர் ஒன்றும் ஓட்டாமல் சும்மா ஆன் ஆகி இருந்தாலே 10 முதல் 20 வாட் குடிக்கும். 15 என்று வைத்தால் இருபத்து நாலு மணி நேரத்துக்கு 360. மொத்தம் 1,720.

ஆக நாளுக்கு 1,200 பற்றாக்குறை. ரெண்டு டியூபுலரிலும் கெடுதல் இல்லாமல் எடுக்கக்கூடியது பாதி, அதாவது 1,800. ஒன்றரை நாள். நீங்கள் சொல்லும் ரெண்டாம் நாள் விடியற்காலை இதுதான். 200 ஏ.ஹெச். லித்தியத்தில் 90 சதவீதம் எடுத்தாலும் 2,300தான் வரும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. உங்கள் கன்ட்ரோலரின் முதுகில் பேனல் வோல்டேஜ் உச்சவரம்பு எழுதியிருக்கும். இந்த ரகத்தில் பெரும்பாலும் 50 அல்லது 55. இந்தப் பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜே (எதோடும் இணைக்காதபோது காட்டுவது) 49, 50 வரும், அதுவும் 25 டிகிரியில். குளிரக் குளிர அது ஏறும். ஊட்டியில் 5 டிகிரி காலையில் வெயில் பட்டதும் 52ஐத் தாண்டும். 50 வோல்ட் கன்ட்ரோலராக இருந்து இன்னும் உயிரோடு இருந்தால் அதன் ஆயுசு கெட்டி.

எனவே முதல் செலவு எம்.பி.பி.டி. கன்ட்ரோலர்; அது பேனலின் வோல்டேஜை இறக்கி, அந்த அளவுக்குக் கரண்ட்டைக் கூட்டிப் பேட்டரிக்குத் தரும். 100 வோல்ட், 50 ஆம்பியர் ரகம் வாங்குங்கள். 540ஐ 13ஆல் வகுத்தால் 41 ஆம்பியர், எனவே 40 ஆம்பியர் ரகம் விளிம்பில் நிற்கும். வெயிலில் பேனல் 65 டிகிரிக்குக் கொதிக்கும்போது ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் என்ற கணக்கில் 14 சதவீதம் போய்விடும். அதைக் கழித்தும் உச்சி வெயிலில் 430, 440 வாட் வரும். நாளுக்கு 1,800 வாட்-ஹவர். மட்டமாகப் படுக்க வைத்திருக்கிறோமே, சாய்க்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகையில். சாய்ப்பதால் கிடைப்பது சொற்பம். அதற்கு ஸ்டாண்டு செய்து, பல்லடம், தாராபுரம் பக்கத்து ஆடிக் காற்றில் 28 கிலோ கண்ணாடியை நிமிர்த்தி வைப்பது வேண்டாத வேலை.

கன்ட்ரோலரை மாற்றும்போது பலர் பழைய வயரையே திரும்ப மாட்டிவிடுகிறார்கள். கன்ட்ரோலரில் இருந்து பேட்டரிக்கு 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் மூன்று மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். போக வர ஆறு மீட்டர். 13 ஆம்பியருக்கு அது போதும். 41 ஆம்பியர் போகும்போது வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் விழும். கன்ட்ரோலர் தன் முனையில் 14.2 பார்த்து ‘நிறைந்தது’ என்று கரண்ட்டைக் குறைக்கத் தொடங்கும். பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்தது 13.1. புதுக் கன்ட்ரோலர் போட்டும் சார்ஜ் ஏறவில்லை என்று கடையில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 16 ஸ்கொயர் செம்பு வயர் போடுங்கள், நீளத்தை ரெண்டு மீட்டருக்குள் வையுங்கள். பேனலில் இருந்து கீழே வரும் 4 ஸ்கொயர் சோலார் வயர் அப்படியே இருக்கட்டும். அதில் போவது அதே 13 ஆம்பியர்தான்.

மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். வரிசை மாறினால் சில கன்ட்ரோலர்கள் அந்த நொடியிலேயே போய்விடும்.

அடுத்தது இன்வெர்ட்டர். செலவில்லாத மருந்து: மிக்சி ஓட்டும்போது மட்டும் ஆன் செய்யுங்கள். அதற்கு ஃபேன்கள் 12 வோல்ட்டில் நேராக ஓட வேண்டும். 20 வாட் டி.சி. ஃபேன் ரெண்டு வாங்கி மாட்டினால் 540 என்பது 360 ஆகும், சும்மா குடிக்கிற 360உம் மிச்சம். நாள் செலவு 1,200க்கு அருகில் வந்துவிடும். வரவு 1,800. இந்த நிலையில் உங்கள் பழைய டியூபுலரே கூடப் போதும், அவை நல்ல நிலையில் இருந்தால்.

இருக்குமா என்பது சந்தேகம். மூன்று வருஷம் அரை வயிற்றோடு கிடந்த லெட் பேட்டரியின் தட்டுகளில் சல்பேட் கெட்டிப்பட்டிருக்கும். சோதிப்பது எளிது. வீட்டு கரண்ட்டில் ஒரு முழு நாள் சார்ஜ் போட்டு, சில மணி நேரம் ஆறவிட்டு, ஹைட்ரோமீட்டரால் ஆசிட்டின் அடர்த்தியை ஒவ்வொரு செல்லாகப் பாருங்கள். இன்வெர்ட்டர் டியூபுலரில் 1.240 அளவில் நிற்க வேண்டும். ஏதாவது ஒரு செல் மற்றவற்றைவிட 0.030 குறைந்தால் அந்தப் பேட்டரி முடிந்தது. எல்லாம் சமமாக இருந்தால், ஒரு பேட்டரியில் 55 வாட் ஹெட்லைட் பல்பு ரெண்டை எட்டு மணி நேரம் எரியவிடுங்கள். அது 73 ஏ.ஹெச்., ஏறத்தாழ பாதி. பல்பு எரியும்போதே வோல்டேஜ் 11.8க்குக் கீழே இறங்கினால் அது இனி 150 ஏ.ஹெச். பேட்டரி அல்ல.

தேறவில்லை என்றால் லித்தியத்துக்குப் போகலாம். அதற்கு வேறு நியாயமும் இருக்கிறது. ரெண்டு டியூபுலர் ஆசிட்டோடு 110 கிலோவுக்கு மேல். லித்தியம் 25 கிலோவுக்குள். ஆளியாறில் இருந்து வால்பாறை ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் ஆசிட் தளும்புகிற பேட்டரி மேல் ஆள் உட்கார்ந்து போக வேண்டியதில்லை. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வருகிற பேட்டரியைக் குழந்தைகள் தூங்கும் இடத்துக்கு அடியில், வெளிக்காற்றுக் குழாய் இல்லாமல் வைத்திருப்பது என்றைக்கும் சரியில்லை.

லித்தியத்தில் எந்த லித்தியம் என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது லித்தியம் இரும்பு பாஸ்பேட். லேபிளில் 12.8 வோல்ட் என்று இருக்கும், 3.2 வோல்ட் செல் நான்கு. 11.1 அல்லது 14.8 என்று இருந்தால் அது வேறு ரசாயனம்; ஸ்கூட்டரில் கழித்த செல்லாகக்கூட இருக்கலாம். படுத்துத் தூங்கும் வண்டிக்குள் அது வேண்டாம். 200 ஏ.ஹெச். என்று சொல்லி 12 கிலோ எடை காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே அத்தனை செல் இருக்க வாய்ப்பில்லை. பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காக்கும் சர்க்யூட்) குறைந்தது 100 ஆம்பியர் இருக்கட்டும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஆவதைத் தடுக்கும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஊட்டியில் உறைபனி விழும் மாதங்களில் வேனை வெளியே நிறுத்தினால் அது தேவைப்படலாம். நமக்குப் பெரிய எதிரி குளிரல்ல, வெக்கை. சார்ஜ் ஏறும்போது செல் 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஈரோடு, கரூர் சித்திரை வெயிலில் கதவடைத்து நிறுத்திய வேனுக்குள் அது சாதாரணம். சைலன்சர் ஓடும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் வையுங்கள். பெட்டிக்கு மேலும் கீழும் துளை, ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேன்.

பழைய டியூபுலர் ஒன்றையும் கூடவே இணைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ரெண்டின் வோல்டேஜ் பாதையும் வேறு; ஒன்று மற்றொன்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

கன்ட்ரோலர் செட்டிங்கை லித்தியத்துக்கு மாற்றுங்கள்: சார்ஜ் 14.2, ஃப்ளோட் (நிறைந்தபின் பிடித்து வைக்கும் வோல்டேஜ்) 13.5, ஈக்வலைஸ் (லெட் பேட்டரிக்கு அவ்வப்போது தரும் உயர் வோல்டேஜ் சார்ஜ்) அறவே ஆஃப், வெப்பத்துக்கு ஏற்ற வோல்டேஜ் திருத்தமும் ஆஃப். ஈக்வலைஸ் ஆன் ஆக இருந்தால் 15 வோல்ட்டுக்குப் போகும், பி.எம்.எஸ். வெட்டிவிடும், வண்டி முழுக்க இருட்டு. காரணம் புரியாமல் ஒரு நாள் போகும். வீட்டு இன்வெர்ட்டரில் லித்தியம் மோடு இல்லையென்றால் அதன் பிளக்கைச் சுவரில் சொருகவே கூடாது. வோல்டேஜை வைத்து எத்தனை சார்ஜ் இருக்கிறது என்று லித்தியத்தில் கண்டுபிடிக்கவும் முடியாது. பாதிக்கு மேலும் கீழும் 13.1, 13.2 என்றே காட்டும். நெகட்டிவில் ஷன்ட் (போகிற வருகிற கரண்ட்டை அளக்கும் துண்டு) வைத்த பேட்டரி மீட்டர் ஒன்று அவசியம். எல்லா நெகட்டிவ் வயரும் ஷன்ட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒன்று தவறினாலும் மீட்டர் பொய் சொல்லும்.

வண்டி ஓடும்போது டைனமோவில் இருந்து சார்ஜ் எடுக்க ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒரு ரிலேயை வைத்து நேராகக் கோத்துத் தருவார். டியூபுலருக்கு அது ஓடியிருக்கும். லித்தியம் கிடைக்கிற கரண்ட்டையெல்லாம் இழுக்கும். மலை ஏறும்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றும், டைனமோவின் விசிறியும் மெதுவாகச் சுற்றும், சுருள் கருகும். நடுவில், கரண்ட்டை அளவோடு மட்டும் இழுக்கும் 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் வையுங்கள். 400 வாட் தரும். நாலு மணி நேர ஓட்டத்தில் 1,600 வாட்-ஹவர், மழை நாளில் பேனலை நம்ப வேண்டியதில்லை. இன்ஜின் பக்கத்தில் 40 ஆம்பியர் இழுக்கும். எனவே பின்னால் வரை 25 ஸ்கொயர் வயர், நெகட்டிவுக்கும் சேஸிஸை நம்பாமல் தனி வயர், ஸ்டார்ட்டர் பேட்டரியை ஒட்டி 60 ஆம்பியர் ஃபியூஸ். இதைப் படிக்கும் வேறு யாராவது லாரி, பஸ் சேஸிஸில் கேரவன் கட்டியிருந்தால் அங்கே 24 வோல்ட் இருக்கும். 24இல் இருந்து 12க்கு என்று கேட்டு வாங்க வேண்டும்.

மிக்சிக்கு 750 வாட் என்றால் பேட்டரியில் 70 ஆம்பியர். இன்வெர்ட்டருக்கு 25 ஸ்கொயர் வெல்டிங் கேபிள், ஹைட்ராலிக் கிரிம்பரில் அமுக்கிய லக் (வயர் முனையில் மாட்டும் வளையம்). கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக் சூடாகும். லித்தியம் ஷார்ட் ஆனால் பல ஆயிரம் ஆம்பியர் பாயும், எனவே பாசிட்டிவ் முனையில் இருந்து ஒரு ஜாணுக்குள் 125 ஆம்பியர் டி.சி. ஃபியூஸ். வீட்டு எம்.சி.பி.யை இங்கே மாட்டாதீர்கள். டி.சி.யில் அது வெட்டினாலும் நடுவில் தீப்பொறி அணையாமல் நிற்கும். மாவாட்ட டேபிள் டாப் கிரைண்டரையும் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் (கோயமுத்தூர்க்காரர்களுக்கு அது இருக்கும்) இன்வெர்ட்டர் ப்யூர் சைன் ரகமா என்று பாருங்கள். ஓடும்போது 150 வாட்தான். கிளம்பும்போது அதன் ஐந்தாறு மடங்கு இழுக்கும்.

எல்லாம் மாட்டியதும் மிக்சியை ரெண்டு நிமிஷம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு லக்கையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அதை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பிறகு பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும்போது உச்சி வெயிலில் மீட்டரைப் பாருங்கள். 30 ஆம்பியருக்கு மேல் உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் கன்ட்ரோலரைச் சந்தேகிக்கும் முன் கூரை மேல் ஏறிப் பாருங்கள். பேனலின் ஒரு ஓரத்தில் கேரியர் கம்பியின் நிழல் விழுந்தாலே பெருமளவு குறைந்துவிடும். பொள்ளாச்சிப் பக்கம் போனால் குளுகுளுவென்று தென்னந்தோப்புக்குள் நிறுத்தத் தோன்றும். ஓலை நிழலில் பத்து ஆம்பியர்கூடத் தேறாது, மேலிருந்து காய் விழுந்தால் பேனலும் தேறாது.