ஓடுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்க்கிறான்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. பிறவியிலேயே இதயக் கோளாறு. டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை வயதில் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் நடந்தது. வருடம் ஒருமுறை எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்கிறோம், நன்றாக இருக்கிறான் என்கிறார்கள். எனக்குத்தான் பயம் போகவில்லை. மாடிப்படி ஏறினாலே பின்னால் போய் நிற்கிறேன். விளையாட்டு பீரியடில் உட்கார வைக்கும்படி பள்ளியில் சொல்லியிருக்கிறேன். சாரல் சீசனில் எல்லாப் பிள்ளைகளும் குற்றாலம் போனால் இவன் மட்டும் வீட்டில். போன வாரம் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். இவன் ஓடுவதற்கு முன்னால் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டான். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை அக்கா. கிரகணத்தன்று நான் வெளியே போனதால்தான் இப்படிப் பிறந்தான் என்று அத்தை வேறு இன்னும் சொல்கிறார்கள்.
- பெயர் வேண்டாம், புளியரை

பதில்: தங்கச்சி, முதலில் கிரகணத்தை முடித்துவிடுவோம். கருவில் இதயம் உருவாகி முடிவது முதல் எட்டு வாரத்துக்குள். நாள் தள்ளிப்போனதே சிலருக்கு அப்போதுதான் தெரியும். நூறு குழந்தைகள் பிறந்தால் ஏறக்குறைய ஒன்றுக்கு ஏதோ ஒரு இதயக் குறை இருக்கிறது, கிரகணமே பார்க்காத ஊர்களிலும் அப்படித்தான். நீங்கள் வெளியே போனதால் எதுவும் ஆகவில்லை. அத்தையிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இனி அந்தத் திண்ணைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் பேனாவை எடுக்க முடியவில்லை. என் மகளுக்கும் இதே நோய்தான். 2001-ல் பிறந்தாள். செங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து கோயில் வரை நடப்பதற்குள் நாலு இடத்தில் குந்தி உட்கார்ந்துவிடுவாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கும். சோம்பேறிப் பிள்ளை என்றார்கள். குந்தி உட்கார்ந்தால் கால் பக்கத்து ரத்தக்குழாய்களில் தடை கூடி, நுரையீரலுக்குக் கொஞ்சம் அதிகமாக ரத்தம் போகும். மூச்சு வாங்கிய பிள்ளை தனக்குத் தானே கண்டுபிடித்த வைத்தியம் அது. எனக்கு அது புரிய இரண்டு வருடம் ஆனது.

2004-ல் ஆபரேஷன். தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு வழியாக அந்த மலைப்பாதையில் அவளை மடியில் படுக்க வைத்துக்கொண்டு போனதும், திரும்பி வரும்போது அவள் ஜன்னலோரம் நின்றபடி வந்ததும் கண்ணுக்குள் இருக்கிறது. உதடு சிவந்திருந்தது. அத்தோடு பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆறு வருடம் நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். புத்தகப் பையை நான்தான் சுமப்பேன். சேர்க்கப் போன ஒரு பள்ளியில், பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காகிதம் என் பயத்துக்கு இன்னும் தீனி போட்டது.

அவளுக்கு ஒன்பது வயதானபோது செக்கப்புக்குப் போயிருந்தோம். அந்த டாக்டரம்மா மலையாளி. என்னை விட்டுவிட்டு அவளிடம் கேட்டார்: "மோளெ, ஸ்கூளில் எந்தா களிக்குன்னெ?" பள்ளியில் என்ன விளையாடுவாய் என்று. இவள் சொன்னாள்: "நான் எல்லாரோட செருப்பையும் பாத்துக்கிட்டு இருப்பேன்."

எனக்கு அதுவரை தெரியாது. மற்ற பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுமாம். இவள் வேப்பமரத்தடியில் அதற்குக் காவல்.

அன்றைக்கே டிரெட்மில் டெஸ்ட் எடுத்தார்கள். மார்பில் ஒயர்களை ஒட்டி நடக்க வைத்து, வேகத்தைக் கூட்டி ஓட வைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் அவள் தண்ணீர் பாட்டிலை நெரித்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் டாக்டரம்மா சொன்னது இதுதான்: இதயம் நன்றாகத்தான் ஓடியது, கால்தான் தளர்ந்துவிட்டது, ஓடிப் பழகாத கால். உட்கார வைத்து உட்கார வைத்து நான்தான் அவள் உடம்பை வலுவிழக்கச் செய்திருக்கிறேன். ஓடும் பயிற்சி இதயத்துக்கும் வேண்டியதுதான். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பெரும்பாலான இதயக் குழந்தைகளுக்கும் விளையாட்டு நல்லதுதான் என்று அன்று விளக்கினார்கள்.

நீங்கள் "ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். உங்கள் முகம் சொல்லியிருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பயத்தை ஒரே நாளில் விட என்னால் முடியாது என்று தெரிந்தது. அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். தேங்காய் துருவுவேன், அரிசி புடைப்பேன், தேவையே இல்லாவிட்டாலும். காது தெருவில்தான் இருக்கும். ஆனால் அவள் திரும்பிப் பார்த்தால் வாசலில் என் முகம் இருக்காது. முதல் வாரம் கொஞ்சம் ஓடி உட்கார்ந்தாள். இரண்டு மாதத்தில் சாப்பிடக் கூப்பிட்டால்கூட வரமாட்டேன் என்றாள். தளர்ந்தால் பிள்ளைகள் தாங்களே நின்றுவிடுவார்கள். போட்டிக்காக யாராவது "இன்னும் ஓடு" என்று விரட்டாமல் இருந்தால் போதும்.

அடுத்த செக்கப்பில் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "இவன் விளையாடலாமா டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்டால் "பார்த்து விளையாடட்டும்" என்று பொதுவாகத்தான் பதில் வரும். "எதைச் செய்யக் கூடாது? அதை மட்டும் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். அதில் இல்லாத எல்லாம் அவனுடையது. அதன் நகல் ஒன்றைப் பள்ளியில் பி.டி. சாரிடம் கொடுங்கள். உட்கார வைக்கச் சொன்னது நீங்கள்தான், எழுப்பிவிடச் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். ஓடும்போது மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலிக்கிறது, படபடவென்று அடிக்கிறது என்று சொன்னாலோ, உதடு நீலம் பூத்தாலோ உடனே நிறுத்தி உங்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டவேண்டியவை இவை. வெறுமனே மூச்சு வாங்குவதும் வியர்ப்பதும் ஓடுகிற எல்லாப் பிள்ளைக்கும் உள்ளதுதான்.

ஒன்று மட்டும் கவனம். என் மகள் கதையை வைத்து வேறு பிள்ளைக்கு யாரும் அளவு எடுக்க வேண்டாம். மகாதமனி (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) வால்வு கடுமையாகச் சுருங்கிய பிள்ளைக்கும், இதயத்தசை தடித்த பிள்ளைக்கும் விதி வேறு. உலோக வால்வு வைத்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பிள்ளை கபடியில் மோதக் கூடாது. அதனால்தான் எழுதி வாங்கச் சொல்கிறேன்.

குற்றாலம்? டாக்டரிடம் கேட்டுக்கொண்டு புலியருவியில் தொடங்குங்கள், தண்ணீர் அங்கே மெதுவாக விழும். பேரருவியில் கூட்டமும் பாசியும் எந்தப் பிள்ளைக்கும் ஆபத்துதான், அதை இதயத்தோடு சேர்க்காதீர்கள்.

பயத்தை விடுவது வேறு, செக்கப்பை விடுவது வேறு. இந்த ஆபரேஷன் செய்த பலருக்கும் நுரையீரல் பக்க வால்வு பின்னாளில் கசியும். சிலருக்கு வளர்ந்த பிறகு புது வால்வு வைக்கவேண்டி வரும். நன்றாக இருக்கிறானே என்று எக்கோவை ஒரு வருடம்கூடத் தள்ளாதீர்கள். என் மகளுக்கும் கசிவு இருக்கிறது. 24 வயதாகிறது, இப்போது தனியாகவே ஃபைலை எடுத்துக்கொண்டு போய் வருகிறாள், வந்து எனக்குப் படித்துச் சொல்கிறாள். உங்கள் பையனுக்கும் நோயின் பெயரை இப்போதே சொல்லிக் கொடுங்கள். "உள்ளே ஒரு ஓட்டை இருந்தது, நுரையீரலுக்குப் போகிற வழி குறுகலாக இருந்தது, டாக்டர் அடைத்து, அகலமாக்கினார்." ஏழு வயதுக்கு இது போதும். மார்புத் தழும்பைப் பற்றி யாராவது கேட்டால் அவனே பதில் சொல்வான்.

கேள்வி: தம்பிக்கு இதய ஆபரேஷன் ஆனதிலிருந்து என் மூத்த மகள் (11 வயது) எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். "எனக்கும் நெஞ்சு வலிக்குது" என்கிறாள். நடிக்கிறாளா?
- ஒரு தகப்பன், கம்பம்

பதில்: நெஞ்சுவலி என்றால் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் நடிப்பு என்று சொல்லாதீர்கள். இந்த வீட்டில் நெஞ்சு வலித்தால்தான் அப்பா பக்கத்தில் உட்காருவார் என்று அவள் பார்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளை மட்டும் கூட்டிக்கொண்டு குமுளி வரை பஸ்ஸில் போய் வாருங்கள். தம்பியைப் பற்றிப் பேச வேண்டாம். அப்புறம் இன்னொன்று: இருவரும் சண்டை போட்டால் "அவன் ஹார்ட் பேஷண்ட், விட்டுக்கொடு" என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். தப்பு யார் செய்தாலும் ஒரே தண்டனை. என் மகளும் அவள் அண்ணனை அடித்துவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

கேள்வி: பேத்திக்கு இதயத்தில் வால்வு வைத்திருக்கிறது. பால்பல் சொத்தையாகிவிட்டது. விழப்போகிற பல்தானே, விட்டுவிடலாமா?
- ஓர் ஆச்சி, களியக்காவிளை

பதில்: விடவே கூடாது ஆச்சி. ஈறு வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. பல் டாக்டர் கை வைப்பதற்கு முன்பே வால்வு இருப்பதைச் சொல்லிவிடுங்கள். வால்வு வைத்த பிள்ளைகளுக்குப் பல் பிடுங்குவதற்கு முன்னால் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால் அதையும் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது. இதய டாக்டரின் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள்.