வீடு மாறிய அம்மாவின் தடுமாற்றம்: எதற்கு அஞ்ச வேண்டும்?

கேள்வி: 78 வயதான என் அம்மாவைப் பழைய வீட்டிலிருந்து எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. பெயர்கள் மறக்கின்றன, உறக்கம் குறைந்துவிட்டது, இரவில் கழிவறைக்கு வழி தெரியாமல் நிற்கிறார். மறதிநோய் என்கிறது இணையம். ஒரு வாரமாக, கடையில் வாங்கிய தூக்க மாத்திரை கொடுக்கிறோம். இடம் மாற்றியது எங்கள் தவறா?

பதில்: இடமாற்றம் மறதிநோயை உண்டாக்குவதில்லை, அந்தக் குற்றவுணர்வை விட்டுவிடுங்கள். மெல்லத் தொடங்கியிருந்த ஞாபகக் குறைவு, கால்களே வழி அறிந்திருந்த பழைய வீட்டில் மறைந்திருந்து, புதிய இடத்தில் வெளிப்படுவதுண்டு. பெயர் மறந்து பிறகு நினைவுக்கு வருவதும், உறக்கம் சற்றுக் குறைவதும் இந்த வயதில் இயல்பே.

நீங்கள் அஞ்ச வேண்டியது வேறொன்று. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரெனக் குழப்பம் தோன்றி, காலையில் தெளிவும் மாலையில் உளறலுமாக மாறி மாறி வந்தாலோ, கேட்ட கேள்வியில் கவனம் நிலைக்காமல் பகலிலும் அரைமயக்கத்தில் கிடந்தாலோ, அதை முதுமை என்றோ புது வீட்டு ஏக்கம் என்றோ ஒதுக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீரிழப்பு, இரத்தத்தில் சோடியம் குறைவது, மருந்துகளின் விளைவு ஆகியவை முதியவர்களிடம் காய்ச்சல்கூட இல்லாமல் இப்படி வெளிப்படலாம்; காரணத்தைக் கண்டறிந்து சிகிச்சையளித்தால் பெரும்பாலும் தெளிவு திரும்பும்.

அந்தத் தூக்க மாத்திரையைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். மருத்துவரைக் கேளாமல் வாங்கும் இத்தகைய மாத்திரைகளே, குறிப்பாக மயக்கம் தரும் ஒவ்வாமை மருந்துகள், முதியவரைக் குழப்பி, இரவில் தள்ளாடி விழச் செய்து, இடுப்பெலும்பை முறித்துவிடக்கூடும். அவர் உண்ணும் எல்லா மருந்துகளோடும் அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

இரவில் வழி தெரியாததற்கு முதல் மருந்து வெளிச்சம். 60 வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே உங்களுக்குப் போதுமான விளக்கு அவருக்கு இருட்டு. படுக்கையிலிருந்து கழிவறை வரை கண் கூசாத விளக்குகள் எரியட்டும். கழிவறைக் கதவு இரவில் திறந்தே இருக்கட்டும். கழிவறையில் கைப்பிடி பொருத்துங்கள். வழுக்கும் கால்மிதி விரிப்புகளை அகற்றுங்கள். அவருடைய பழைய கட்டிலும் கடிகாரமும் இருந்தால் அவர் அறைக்கே கொண்டு வாருங்கள். பகல் முழுவதும் மூடிய அறையில் தனித்திருப்பவருக்கு இரவில் உறக்கம் வராது. காலை வெயிலில் நடப்பதற்கும் பேசுவதற்கும் துணை வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்தும் மறதி மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போனால், ஞாபகத் திறன் பரிசோதனையுடன் கண், காது, தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள்.