கிளேஸ் தகராறா, மண் தகராறா? வனையப் பழகுகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, என் காபிக் குவளையின் கிளேஸில், அதாவது மேலே உள்ள கண்ணாடி மாதிரிப் பூச்சில், சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள். சூளையிலிருந்து எடுத்து இரண்டு நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டன. இன்னும் சூடு ஏற்றிச் சுட்டால் போய்விடுமா?

பதில்: பெரும்பாலும் போகாது. ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்குகிறது. இறுகிப்போன சட்டை தையல் விடுவது மாதிரிதான். சோடியமும் பொட்டாசியமும் மிகுந்த கிளேஸில் இது சகஜம். சுருக்கத்தைக் குறைக்க, 100 கிராம் உலர்ந்த கிளேஸ் கலவைக்கு 5, 10, 15 கிராம் சிலிக்கா (பொடித்த படிகக்கல்) என்று சேர்த்து, சோதனைக்கான மூன்று மண் வில்லைகளில் பூசி, ஒரே சூளையில் சுடுங்கள். ஆறியதும் கொதிநீரில் சில நிமிடம், உடனே ஐஸ் தண்ணீரில், மூன்று முறை. அப்புறம் பேனா மையைத் தடவித் துடைத்துப் பாருங்கள், கோடு இருந்தால் மை காட்டிக்கொடுத்துவிடும். சிலிக்காத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் இல்லாமல் அந்தப் பையைப் பிரிக்காதீர்கள்.

கேள்வி: என் குவளையில் கோடே இல்லை. ஆனாலும் காலையில் மேசைமேல் ஈர வட்டம்.

பதில்: கிளேஸை விடுங்கள், மண் வேகவில்லை. கிளேஸ் பூசாத ஒரு துண்டை எடை போடுங்கள். இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே ஒரு நாள் ஊறவைத்து, துடைத்து மறுபடி எடை பாருங்கள். 400 கிராம் 420 ஆனால் 5% நீர் குடிக்கிறது. குவளைக்கு 2%-க்குள் இருக்க வேண்டும். நான் முதலில் செய்த ஆறு குவளைகளுக்கும் கிளேஸை மாற்றி மாற்றிப் பூசி வீணாக்கினேன். கடைசியில் பார்த்தால், 1300 டிகிரி கேட்கும் கோன் 10 மண்ணை (கோன் என்பது சூளைச் சூட்டின் அளவுக் குறி) 1230-லேயே நிறுத்தியிருந்தேன்.

கேள்வி: கிளேஸ் திட்டுத் திட்டாக விலகி, உள்ளே மண் தெரிகிறது.

பதில்: தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு பிஸ்க் பாத்திரத்தை, அதாவது கிளேஸ் பூசுமுன் ஒருமுறை சுட்டதை, தொட்டீர்களா? தூசியும் இதைச் செய்யும். ஈரப் பஞ்சால் துடைத்து, காயவிட்டுப் பூசுங்கள். பூசியது காயும்போதே வெடித்தால், தடிப்பாகப் பூசியிருக்கிறீர்கள்.

கேள்வி: தாமிரப் பச்சை கிளேஸைச் சாப்பாட்டுத் தட்டில் பூசலாமா அக்கா?

பதில்: ஒரு எலுமிச்சைத் துண்டை இரவு முழுக்க அதன்மேல் வையுங்கள். நிறம் மாறினால் அந்தத் தட்டில் சாப்பிட வேண்டாம். மாறாவிட்டாலும், விற்பதற்கு முன் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். காரீயம் கலந்த கிளேஸை மட்டும் பட்டறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

கேள்வி: எங்கே, எப்படித் தொடங்குவது?

பதில்: 1971-ல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் பாண்டிச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பழகியவர்கள் பலர் பாண்டிச்சேரி, ஆரோவில் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார்கள். ஒன்றில் சேருங்கள். முதல் மூன்று மாதம் கிளேஸ் வாளிப் பக்கமே போக வேண்டாம். வனைந்த ஒவ்வொன்றையும் கம்பியால் நடுவே அறுத்துப் பாருங்கள். அடி விரல் தடிப்பு, விளிம்பு அப்பளம் மாதிரி என்று இருந்தால், அதைப் பிசைந்து மறுபடி சக்கரத்தில் ஏற்றுங்கள்.